300 வெள்ளி வாங்குறதுல வெட்கம் இல்ல. ஆனா அதோட நின்னுடக் கூடாது



ஆடி மூன்றாம் வெள்ளிக்கு நம்ம கோயில்ல கூழ் ஊத்தினோமே, அன்னைக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் இந்தப் பதிவை ஆரம்பிக்கணும். பதிவு நீளம். பொறுமையாப் படிங்க. வீட்டுல கண்ணு சரியாத் தெரியாத பெரியவங்க இருந்தா அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, ஏன்னா இது அவங்க சம்பந்தப்பட்டது.

கூழ் வரிசை நீளமா இருந்துச்சு. மண்டபத்துப் படிக்கட்டுக்குக் கீழ, மாமரத்து நிழல்ல, சக்கர நாற்காலியில ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தார். பலருக்கும் தெரிஞ்சவர்தான். பேர் வேண்டாம். பதினேழு வருஷத்துக்கு மேல தோட்டத்துல செம்பனை பழம் வெட்டினவர். 2021ல இனிப்பு நீர் வியாதியில வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. எங்க தம்பி ஒருத்தன் கூழைக் கொண்டுபோய் அவர் கையில குடுத்தான். அப்ப வரிசையில நின்ன ஒரு ஐயா சத்தமா சொன்னார்: "உனக்கென்னப்பா கவலை, மாசம் பொறந்தா கவர்மெண்ட்டு காசு பேங்க்ல விழுது. நாங்கதான் வெயில்ல காயணும்."

மூணு நாலு பேர் சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்ச மாதிரி காட்டிக்கிட்டார். பாதிக் கூழை அப்படியே கீழ வச்சுட்டு, அக்காகிட்ட "போலாம்"னு சொல்லி நாற்காலியைத் திருப்பச் சொன்னார். நாங்க தொண்டர்கள் ஆறு பேர் அங்கதான் இருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அந்த ஐயா பெரிய உபயக்காரர், ஏதாவது சொன்னா மனஸ்தாபம் ஆகிடும்னு பேசாம இருந்துட்டோம். அது எங்க தப்பு. அதனாலதான் இப்ப எழுதுறோம்.

முதல்ல அந்த "கவர்மெண்ட்டு காசு" எவ்வளவுன்னு பார்ப்போம். வேலை செய்ய முடியாத ஓகேயூ ஒருத்தருக்கு சமூகநல இலாகா, அதாவது ஜே.கே.எம்., குடுக்கிற உதவி மாசம் 300 வெள்ளி. 250 வெள்ளியா இருந்ததை 2021 பட்ஜெட்டுல 300 ஆக்கினாங்க. ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி. நம்ம பக்கம் கடையில ஒரு தோசையும் தேத்தண்ணியும் மதியம் ஒரு சாப்பாடும் வாங்கினா பத்து வெள்ளி போயிடும். அந்தப் பத்து வெள்ளிக்குள்ளதான் புண்ணுக்குக் கட்டுற துணி, ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி வாடகை, கரண்ட் பில், பிள்ளை ஸ்கூல் செலவு எல்லாம்.

அது நிர்ணயம் ஆன பிறகு என்னென்ன நடந்துச்சு? 2023ல அரிசி. அந்த வருஷம் செப்டம்பர்ல இறக்குமதி அரிசி விலை ஏறினதும், பத்து கிலோ 26 வெள்ளிக்குக் கட்டுப்படுத்தி வச்சிருந்த உள்ளூர் அரிசி கடைகள்ல காணாமப் போச்சு. தஞ்சோங் காராங்கைத் தாண்டினா கண்ணுக்கு எட்டின தூரம் வரை நெல்லு வயல். அந்த வயல் பக்கத்துல இருக்கிற நமக்கே உள்ளூர் அரிசி கிடைக்கல, இறக்குமதி அரிசி வாங்கி கோயில் அன்னதானம் சமைச்சோம், ஞாபகம் இருக்கா? அதே வருஷம் நவம்பர்ல கோழிக்கு மானியம் போச்சு. 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் 2.15லிருந்து 3.35 ஆச்சு. அதுக்கப்புறம் மார்க்கெட்டை ஒட்டி ஏறி இறங்குதுன்னாலும், லாரிக்காரர் ஏத்தின வாடகையை யாரும் இறக்கல. 2025 ஜூலை 1ல எஸ்.எஸ்.டி. வரி விரிவாச்சு. நாம கூழ் ஊத்தின அதே ஆகஸ்ட் 1ல முட்டைக்கு இருந்த மானியமும் நின்னுச்சு.

அதே ஆகஸ்ட் 1லதான் குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி சின்ன முதலாளிமார்களுக்கும் கட்டாயம் ஆச்சு. நல்ல விஷயம், சந்தோஷம். ஆனா வேலைக்குப் போற உடம்புக்குத்தான் சம்பளம் ஏறும். நாற்காலியில உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு 300 வெள்ளி 300ஆவே நிக்குது. 2025 ஆகஸ்ட் 31ஆம் தேதி எல்லாப் பெரியவங்களுக்கும் ஐ.சி.யில 100 வெள்ளி சாரா உதவி வந்துச்சு. ஒரு தடவை வந்த உதவிதான் அது. சாமான் வாங்க உதவுச்சு, அதுக்கு மேல அதை நம்பிக் கணக்குப் போட முடியாது.

அன்னைக்கு ராத்திரி எங்களுக்கு மனசு கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு மூணு பேரு அண்ணன் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேக்கத்தான் போனோம், வேற எண்ணம் இல்ல. பேச்சுவாக்குல எங்க அக்கா ஒருத்தர் கேட்டாங்க: "அண்ணே, தோட்டத்துல இருந்தப்ப சொக்சோ பிடிச்சாங்களா?" "பிடிச்சாங்க, அதெல்லாம் அடிபட்டாத்தானே தருவாங்க. எனக்கு வியாதில தானே கால் போச்சு" என்றார் அண்ணன்.

இதைப் படிக்கிறவங்க தயவு செஞ்சு இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. நம்ம ஜனங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் நினைக்கிறாங்க. அது தப்பு.

சொக்சோ சட்டம் 1969ல வந்தது. 1971லிருந்து நடைமுறையில இருக்கு. அதுல ரெண்டு திட்டம் இருக்கு. ஒண்ணு வேலையில அடிபட்டா வர்றது. குலை தலையில விழுந்தா, முள்ளு கண்ணுல குத்தினா, வேலைக்குப் போற வழியில மோட்டார் விபத்து நடந்தா, அது. இன்னொண்ணு இயலாமைத் திட்டம், மலாய்ல "ஈலாட்" என்பாங்க. இது எந்தக் காரணத்தால உடம்பு முடியாமப் போனாலும் பொருந்தும். இனிப்பு நீர்ல கால் போனாலும், பக்கவாதம் வந்தாலும், கிட்னி கெட்டாலும், கண்ணு போனாலும். வேலை செய்யுற இடத்துலதான் நடக்கணும்னு இல்ல. தீராத வியாதியாலயோ ஊனத்தாலயோ, நல்ல உடம்பு உள்ள ஒருத்தர் சம்பாதிக்கிறதுல மூணுல ஒரு பங்கு கூடச் சம்பாதிக்க முடியாத நிலைன்னு டாக்டர்கள் குழு சொன்னா, மாசாமாசம் பென்ஷன். பொதுவா 60 வயசு ஆகுறதுக்குள்ள விண்ணப்பிக்கணும். அவர் காலமானா குடும்பத்துக்கும் அதுல பங்கு உண்டு. கிட்னி கெட்டுப் போய் தகுதி இருக்கிறவங்களுக்கு டயாலிசிஸ் செலவுக்கும் சொக்சோவுல வழி இருக்கு. வாரம் மூணு தடவை டயாலிசிஸ் போறவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, அது எவ்வளவு பெரிய பாரம்னு தெரியும்.

இதுக்காக நம்ம சம்பளத்துல அரை விழுக்காடு பிடிக்கிறாங்க. 1,700 வெள்ளி சம்பளத்துல எட்டு வெள்ளி சொச்சம். முதலாளி அதுக்கு மேல போடுறார். ஆக இது தானம் இல்ல, நம்ம சம்பளத்துல போன நம்ம காசு.

அக்கா உள்ள போய் ஒரு பிஸ்கெட் டின்னை எடுத்துட்டு வந்தாங்க. அதுக்குள்ள அண்ணனோட பழைய சம்பளச் சீட்டு அத்தனையும். ரப்பர் பேண்டு போட்டு வருஷவாரியா கட்டி வச்சிருந்தாங்க. சிலது மங்கிப்போய் எழுத்தே தெரியல. ஆனா சொக்சோ பிடித்தம் ஒவ்வொண்ணுலயும் இருந்துச்சு. நாலு வருஷமா அந்த டின் அலமாரி மேலயே இருந்திருக்கு. நாலு வருஷமா அந்தக் குடும்பம் 300 வெள்ளியில ஓடியிருக்கு. அதுக்கு மேல, கூழ் வரிசையில கேலி வேற.

விண்ணப்பம் போட்டாச்சு. டாக்டர்கள் குழு கூப்பிடணும். முடிவு இன்னும் வரல. கிடைச்சுடும்னு நாங்க அண்ணனுக்கு வாக்குக் குடுக்கல, குடுக்கவும் முடியாது. ஒரு சிக்கலும் இருக்கு, மத்தவங்களுக்கும் உதவும்னு அதையும் சொல்றோம். விண்ணப்பம் போய்ச் சேருற மாசத்துக்கு முந்தின 40 மாசத்துல 24 மாசமாவது சந்தா கட்டியிருந்தா முழு பென்ஷனுக்குத் தகுதி. அண்ணன் வேலையை விட்டு நாலு வருஷம் ஆச்சு, அதனால அந்தக் கணக்குல அவர் வர மாட்டார். நல்ல வேளையா இன்னொரு கணக்கும் இருக்கு. முதல் தடவை பதிஞ்ச நாள்லேர்ந்து இன்னைய வரைக்கும் உள்ள மாசங்கள்ல மூணுல ரெண்டு பங்கு கட்டியிருந்தாலும் முழு பென்ஷனுக்குப் போகலாம். பதினேழு வருஷ உழைப்பு அவரை அந்தக் கணக்குல நிறுத்தும்னு நம்புறோம். மூணுல ஒரு பங்குதான் இருந்தா குறைஞ்ச பென்ஷன். எப்படியும் குறைஞ்சது 24 மாசம் கட்டியிருக்கணும்.

சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் இதுல ஆபத்து அதிகம். ரெண்டரை வருஷம் ஃபேக்டரியில வேலை செஞ்ச ஒரு பையனுக்கு மோசமான வியாதி வந்துச்சுன்னு வைங்க. உடனே போட்டா முழு பென்ஷன் கணக்குல நிப்பான். "முதல்ல உடம்பு தேறட்டும், அப்புறம் பார்ப்போம்"னு மூணு வருஷம் விட்டா குறைஞ்ச பென்ஷனுக்கு இறங்கிடுவான். இன்னும் இழுத்தா அதுவும் போயிடும். நம்ம ஜனங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் முதல்ல ஞாபகம் வர்றது நேர்த்திக்கடன். அது வேண்டாம்னு சொல்ல நாங்க யாரு, நாங்களே காவடி எடுத்தவங்கதான். ஆனா மொட்டை போடுற அதே மாசத்துல அந்தப் பாரத்தையும் போட்டுடுங்க.

சொக்சோவே இல்லாதவங்க நிலைமை வேற, அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. ரப்பர் போய் செம்பனை வந்துச்சு, தோட்டம் துண்டு துண்டா வித்துப் போச்சு, தோட்டத்து ஆளா இருந்தவங்க காண்ட்ராக்டர் ஆளா ஆனாங்க. மருந்து அடிக்கிறதும் உதிரி பொறுக்குறதும் நாள் கூலி. காசு கையில குடுப்பாங்க, சீட்டு கிடையாது. முன்ன காலத்துல தோட்டத்துல கொடுமையும் இருந்துச்சு, ஆனா லயத்து வீடு இருந்துச்சு, ஆயாக் கொட்டகை இருந்துச்சு, ஒரு கிராணி பேரேட்டுல பேரையாவது எழுதி வச்சிருந்தார். பெஸ்தாரி ஜெயா பக்கம் அஞ்சு தோட்டத்து ஜனங்க ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை வருஷம் காத்துக் கிடந்தாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். உடம்பு நல்லா இருந்தவங்களுக்கே அந்தக் கதின்னா, உடம்பு விழுந்தவன் கதி? காண்ட்ராக்டர்கிட்ட வேலை செய்யுற தம்பிகளே, சம்பளம் பேசும்போது சொக்சோவையும் சேர்த்துப் பேசுங்க. கேக்க வெட்கப்படாதீங்க, சட்டப்படி அவர் கட்டியே ஆகணும். நீங்களே வண்டி ஓட்டிப் பொழைக்கிறவங்களா இருந்தா சுயதொழில் செய்யுறவங்களுக்குத் தனித் திட்டம் இருக்கு. அது வேலை சம்பந்தப்பட்ட பாதிப்புக்குத்தான், பொதுவான வியாதிக்கு வராது.

வீட்டுல இருக்கிற அக்கா தங்கச்சிங்களுக்கு ஒண்ணு. 2022 டிசம்பர்லேர்ந்து இல்லத்தரசிகளுக்குனு சொக்சோவுல ஒரு திட்டம் இருக்கு. வருஷம் 120 வெள்ளி. 55 வயசுக்குள்ள சேரலாம். வீட்டு வேலையில அடிபட்டாலும், இயலாமை வந்தாலும் உண்டு. நாள் கணக்குப் பார்த்தா முப்பது காசு கொஞ்சம். நாம அர்ச்சனைச் சீட்டுக்குக் குடுக்கிற காசை நினைச்சுப் பாருங்க. அர்ச்சனையும் பண்ணுங்க, இதையும் கட்டுங்க.

இப்ப மறுபடியும் ஜே.கே.எம். பக்கம் வர்றோம். அங்கேயும் ஒரே உதவின்னு நினைச்சு 300 வெள்ளியோட நின்னுடுறாங்க.

படுத்த படுக்கையா இருக்கிறவரைப் பார்த்துக்கிறவங்களுக்குத் தனி உதவி இருக்கு. 2021லிருந்து அது 500 வெள்ளி. பக்கவாதத்துல விழுந்த கணவனை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் போடுற அக்கா எத்தனை பேரு நம்ம தாமான்கள்ல இருக்காங்க. அவங்க செய்யுறதும் வேலைதான்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட விஷயம் அது. வேலைக்குப் போற ஓகேயூவுக்கு வேற உதவி: சம்பளம் ஒரு அளவுக்குள்ள இருந்தா, சம்பளத்துக்கு மேல மாசம் 450 வெள்ளி. கவனிச்சீங்களா? வீட்டுல இருக்கிறவருக்கு 300, வேலைக்குப் போறவருக்கு 450.

இது ஏன் முக்கியம்னா, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல, காது கேக்காத பையன் ஒருத்தன் இருக்கான். நல்லா வேலை செய்வான். ஒரு பட்டறையில கூப்பிட்டாங்க. அம்மா விடல. "வேலைக்குப் போனா இருக்கிற 300ம் போயிடும், ரெண்டு மாசத்துல பட்டறைக்காரன் போகச் சொல்லிட்டா மறுபடி யார்கிட்ட போய் நிக்குறது?" அந்த அம்மா பேசுறதுல நியாயம் இருக்கு. நின்னு போன உதவியை மறுபடி வாங்குறதுக்குள்ள மாசக்கணக்குல அலைய வேண்டியிருக்கு. இந்த நேரத்துல எந்த வேலைதான் நிலையானது? இருந்தாலும் பயத்துல ஒரு பையனை வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டுறது சரியில்லன்னு நாங்க சொன்னோம். 450 வெள்ளி விவரத்தைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்சம் யோசிக்கிறாங்க. இன்னும் சம்மதிக்கல. நாங்களும் வற்புறுத்தல. பட்டறை மூடினா அரிசி வாங்குறது அவங்கதானே, நாங்க இல்லையே.

"நம்பி இருக்கிறது"ன்னா இதுதான் உறவுகளே. உதவித்தொகையை நம்பி இருக்கிறவங்க சோம்பேறின்னு சொல்றவங்க ஒரே ஒரு மாசம் அந்தக் கணக்குல வாழ்ந்து பார்க்கணும். மகன் வேலைக்குச் சேர்ந்தா வீட்டு வருமானம் ஏறிடும், உதவியை மறுபடி பார்ப்பாங்க. பேங்க்ல காசு விழாத மாசம் யாருக்கு போன் போடணும்னு தெரியாது. கேக்கப்போற இடத்துல நம்ம பாஷை இல்ல. ஒரு தடவை எங்க தொண்டர் ஒருத்தரே ஒரு பாட்டியைக் கூட்டிட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். டாக்டர் கடுதாசியில ஒரு முத்திரை இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அந்த டாக்டர் மாறிப் போயிட்டார். மூணு தடவை அலைஞ்சு, வாடகைக் காருக்கே பாட்டியோட ஒரு மாச உதவிப் பணத்துல பாதி போயிடுச்சு. அங்க கவுண்ட்டர்ல இருந்தவங்களும் மோசமானவங்க இல்ல, அன்பாத்தான் பேசினாங்க. ஆனா கார் இல்லாத, மலாய் சரியா வராத ஒரு பாட்டி தனியா அந்த அலைச்சலைத் தாங்கியிருக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. "நாங்க போன தடவை கேட்டோம், வருமானம் அதிகம்னு சொல்லிட்டாங்க" என்பாங்க. எப்ப கேட்டீங்கன்னா, பத்து வருஷத்துக்கு முன்ன என்பாங்க. வறுமைக்கோடு 980 வெள்ளியா இருந்த காலம் அது. 2020 ஜூலையில அதை 2,208ஆ மாத்தினாங்க. 2022 கணக்குல 2,589. அன்னைக்கு "முடியாது"ன்னு வந்த பதில் இன்னைக்கும் அதேதான்னு நினைக்காதீங்க. மறுபடி போடுங்க.

பிள்ளைங்க விஷயம் எழுதும்போது கை நடுங்குது. கத்துக்கிறதுல சிரமம் உள்ள பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளைன்னு தெரிஞ்சும் ஓகேயூ அட்டை எடுக்காத பெற்றோர் நம்ம கோயிலுக்கே வர்றாங்க. "அட்டை எடுத்தா முத்திரை குத்தின மாதிரி ஆயிடும், அக்காவுக்குக் கல்யாணம் ஆகாது." ஒருத்தர் எங்ககிட்ட, "இது பூர்வ ஜென்ம வினை, அனுபவிச்சுத் தீர்க்கணும், அட்டை எடுத்து என்ன ஆகப்போகுது"ன்னார். வினையைப் பத்தி பெரியவங்க சொன்னதை நாங்க மறுக்கல. ஆனா அடுத்தவன் துன்பத்தைப் பார்த்து "அது அவன் வினை"ன்னு தள்ளி நிக்க எந்தப் பெரியவரும் சொல்லிக் குடுத்ததா எங்களுக்குத் தெரியல. அட்டை இருந்தாத்தான் சிறப்புக் கல்வி வகுப்புக்கு வழி சுலபமாகும். அந்த வகுப்புல சேர்ந்த பிள்ளைக்கு கல்வி அமைச்சு மாசம் 150 வெள்ளி குடுக்குது. அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் சலுகை உண்டு. 2008ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்து பதினேழு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தச் சட்டத்துல மீறினா தண்டனைனு எதுவும் இல்லாதது பெரிய குறைதான். அதுக்காக அது குடுக்கிற அட்டையையும் வாங்காம விடுறதா?

கையில நீல ஐ.சி. இல்லாதவங்க வேதனையைச் சொல்லவே வேண்டாம். தோட்டத்துல பொறந்து, தோட்டத்துல கிழமாகி, பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால சிவப்பு ஐ.சி.யோடயே இருக்கிற பாட்டிமார் இன்னும் இருக்காங்க. ஜே.கே.எம். பண உதவி குடிமக்களுக்குத்தான். அவங்களுக்கு இந்த 300ம் கிடையாது. உங்க வீட்டுல அப்படி யாராவது இருந்தா எங்ககிட்ட சொல்லுங்க. தீர்த்து வைக்க எங்களால முடியாம போகலாம், விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கூட்டிட்டுப் போறதாவது முடியும்.

இனி கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க.

தீபாவளி வந்தா நாம என்ன செய்வோம்? அஞ்சு கிலோ அரிசி, எண்ணெய், முறுக்கு, ஒரு கைலி. பையில போட்டு ஓகேயூ குடும்பங்களை மண்டபத்துக்கு வரவச்சு, வரிசையா நிக்க வச்சு, பெரிய மனுஷங்க கையால குடுத்து போட்டோ எடுப்போம். அந்த போட்டோ இதே பக்கத்துல 400 லைக் வாங்கும். நாங்களும்தான் எடுத்தோம், யாரையும் தனியா குறை சொல்லல. அந்த அரிசி பத்து நாள்ல தீர்ந்துடும். போட்டோ தீராது. அந்த வீட்டுப் பிள்ளை ஸ்கூல்ல அதைப் பார்க்குது.

போன வருஷம் அன்பளிப்புப் பைக்கு ஆன செலவையும், அந்தக் குடும்பங்கள்ல சொக்சோ பிடித்தம் இருந்தும் கேக்காதவங்க எத்தனை பேர் இருக்கலாம்னும் உட்கார்ந்து பேசினோம். அண்ணன் வீட்டு டின் மாதிரி இன்னும் எத்தனை டின் அலமாரி மேல இருக்கோ. எங்க கருத்து இதுதான்: பை குடுக்கிற காசுல பாதியை, வண்டி வாடகைக்கும் கூடப் போய் வர ஆளுக்கும் வைக்கணும். கமிட்டியில எல்லாரும் ஒத்துக்கல. "கோயில் வேலை பூஜை, புனஸ்காரம், அன்னதானம். பாரம் நிரப்புறது கட்சிக்காரங்க வேலை"ன்னு ஒரு மூத்தவர் சொன்னார். அவர் மேல எங்களுக்கு மரியாதை உண்டு, அவர் தூக்கி வளர்த்த கோயில் இது. ஆனா கட்சிக்காரங்க எலெக்ஷன் முடிஞ்சா போயிடுறாங்க ஐயா. கோயில்தான் எல்லா வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கு. தோட்டம் போன பிறகும் நம்ம ஜனங்க ஒண்ணாச் சேர்ற இடம் இது ஒண்ணுதான்.

இன்னொரு மூத்தவர் கேட்டார், "இப்படி எல்லாரையும் அரசாங்கத்துகிட்ட கைநீட்டப் பழக்கினா, நாளைக்கு அரசாங்கம் நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க?" நல்ல கேள்வி. நிறுத்தாதுன்னு நாங்க சொல்ல மாட்டோம். இங்கிலாந்து எவ்வளவு பணக்கார நாடு, அங்கேயே 2025ல மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்குத் தகுதியைக் கடுமையாக்க அரசாங்கம் மசோதா கொண்டு வந்துச்சு. ஆளுங்கட்சி எம்.பி.க்களே எதிர்த்த பிறகுதான் ஜூலை 1ல அந்தப் பகுதியை எடுத்தாங்க. கஜானா இறுகினா முதல்ல கண்ணு போறது இந்தப் பக்கம்தான், எந்த நாடா இருந்தாலும். அதனாலதான் 300 வெள்ளியை மட்டும் பிடிச்சுக்கிட்டு தொங்க வேண்டாம்னு சொல்றோம். சொக்சோ பென்ஷன் சந்தா கட்டி சட்டப்படி சேர்த்த உரிமை, பட்ஜெட்டுல ஒரு வரியை அடிச்சு அதை எடுத்துட முடியாது. அதை முதல்ல கேளுங்க. ஊழியர் சேமநிதியிலயும் இயலாமைக்குப் பணம் எடுக்க வழி இருக்கு, ஆனா அவசரப்பட்டு மொத்தத்தையும் எடுத்து மாப்பிள்ளைக்கு கார் வாங்கிக் குடுத்துடாதீங்க. நடந்த கதையைத்தான் சொல்றோம்.

கோயில் படிக்கட்டு விஷயமும் இருக்கு. அந்த அண்ணன் ஏன் மாமரத்தடியில உட்கார்ந்திருந்தார்? மூணு படி. சரிவுப் பாதை கட்டணும்னு ரெண்டு வருஷமா பேசிக்கிட்டே இருக்கோம். வெளியில உருண்ட சக்கரம் மண்டபத்துக்குள்ள வரலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. குருக்களையே கேட்டோம். "நாம காலைக் கழுவிட்டு வர்றோம், சக்கரத்தையும் கழுவிட்டு வரட்டும்"னுட்டார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. சிமெண்ட் உபயம் ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் யார் தெரியுமா? கூழ் வரிசையில அந்த வார்த்தையைச் சொன்ன அதே ஐயா. நாங்க போய் விஷயத்தைச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "எனக்கும் முட்டி போயிடுச்சுப்பா, எனக்கும் சொக்சோ பிடிச்சாங்க, நானும் கேக்கவே இல்ல"ன்னார். அவருக்கு 64 ஆயிடுச்சு. அந்தக் கதவு அவருக்கு ஏறக்குறைய மூடியாச்சு.

செப்டம்பர் 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூஜை முடிஞ்சதும், மண்டபத்துல இல்ல, கீழ மாமரத்தடியில ஒரு மேசை போடுறோம். அதுக்கப்புறம் மாசாமாசம் முதல் ஞாயிறு. ஐ.சி., ஓகேயூ அட்டை இருந்தா அட்டை, ஆஸ்பத்திரிக் கடுதாசி எல்லாம், பேங்க் புத்தகம், பழைய சம்பளச் சீட்டு எது கிடைச்சாலும் கொண்டு வாங்க. சீட்டு இல்லைன்னாலும் வாங்க, வேலை செஞ்ச இடத்து பேரும் வருஷமும் தெரிஞ்சா போதும், பதிவைத் தேடலாம். எழுத நாலு பேர் இருப்போம், அதுல ரெண்டு பேர் கவர்மெண்ட் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவங்க, மலாய்ல நல்லா எழுதுவாங்க. காசு கிடையாது. போட்டோ எடுக்க மாட்டோம். வர முடியாதவங்க ஒரு மெசேஜ் போடுங்க, வீட்டுக்கு வர்றோம். கார் வச்சிருக்கிற பக்தர்கள் மாசத்துல ஒரு நாள் குடுத்தா பெரிய உதவி. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் போய்க் கூட்டிட்டு வரணும்.

அன்னைக்கு ராத்திரி சந்திர கிரகணம், நடை சீக்கிரம் சாத்திடுவாங்க. அதனால காலையிலேயே வந்துடுங்க. கூழ் இருக்காது, ஆடி முடிஞ்சுது. தேத்தண்ணியும் வடையும் உண்டு. அக்கா அந்த பிஸ்கெட் டின்னோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க, எந்தச் சீட்டைப் பத்திரமா வைக்கணும்னு மத்தவங்களுக்குக் காட்ட.